வைத்தியர் க்ளோஸின் புத்தகச் சேகரம்

ஃப்ரீமேசன் சங்கம் என்றவுடன் சாத்திய கதவும் சங்கேதச் சொற்களுமே பலருக்கு நினைவில் எழுமாயினும், அச்சங்கத்தார் 1723-லேயே தங்கள் விதிகளையும் புராதன வரலாறு என்று தாங்கள் நம்பியதையும் அச்சேற்றி, லண்டன் ஃப்ளீட் வீதியில் விலைக்கு வைத்தார்கள் என்பது பழைய நூல் சேகரிப்போர் நன்கறிந்த செய்தி. ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் தொகுத்த அந்த விதிநூலை வெளியிட்டவர்களுள், பூகோள உருண்டைகளும் தேசப்படங்களும் செய்து புகழ்பெற்ற ஜான் செனெக்ஸும் ஒருவர். ஜான் பைன் செதுக்கிய முகப்புச் சித்திரம் பழுதின்றி இருக்கும் பிரதிக்கே இன்றளவும் மதிப்பு மிகுதி.

இவ்விதிநூலின் பிற்காலப் பதிப்பொன்றுக்கும் நம் திருச்சிராப்பள்ளிக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. ஆர்க்காட்டு நவாப் முகமது அலியின் மூத்த குமாரர் உம்தத்-உல்-உமரா 1770-களில் அவ்வூரில் சங்கத்து அங்கத்தினரானபோது, சங்கத்தின் தலைமைச் சபையான லண்டன் மகா லாட்ஜ் வாழ்த்துக் கடிதத்தோடு அலங்கரித்த நீல மேலங்கச்சையும், மிக உயர்ந்த முறையில் கட்டடம் செய்த விதிநூலும் அனுப்பிவைக்க, அவரும் பாரசீகத்தில் எழுதிய மறுமொழியைப் பொற்சரிகைத் துணியில் பொதிந்து அனுப்பினார்.

ஆனால் இவ்வாறு பட்டும் பொன்னும் போர்த்த புத்தகங்களைக் காப்பதற்கு அரசர்களும் சபைகளும் உண்டு. சேகரிப்பவனுடைய உண்மையான தொண்டு, யாரும் பாதுகாக்க நினையாத அற்பப் பிரசுரங்களிடத்திலேயே இருக்கிறது என்பது என் திடமான அபிப்பிராயம். 1730 அக்டோபரில் சாமுவேல் ப்ரிச்சர்ட் என்பவர் சடங்குகளை அம்பலப்படுத்தி வெளியிட்ட சிறு பிரசுரத்தை எண்ணிப் பாருங்கள்: அந்த மாதத்துக்குள்ளேயே மறுபதிப்புகள் கண்ட அப்பிரசுரம், மலிவாக விற்று, கைமாறிக் கைமாறிக் கிழிந்துபோனபடியால், பகட்டான விதிநூலைக் காட்டிலும் அதன் முதற்பதிப்பே அபூர்வமாகிவிட்டது. சங்கத்தின் மூன்று படிநிலைச் சடங்குகள் அக்காலத்தில் எவ்வாறு நடந்தன என்பதை அறிய அதைப்போல் உதவும் அச்சுநூல் மிகச் சிலவே.

இந்த உண்மையை நன்குணர்ந்திருந்தவர் பிராங்க்ஃபர்ட் நகரத்து வைத்தியரும் ஃப்ரீமேசன் சங்கத்தினருமான கியோர்க் க்ளோஸ் (1787-1854). அவர் புத்தகங்களில் ஒரு பகுதி 1835-ல் லண்டனில் ஏலத்துக்கு வந்தபோது, ஓரக்குறிப்புகள் பல மார்ட்டின் லூதரின் தோழர் மெலாங்தன் கைப்பட எழுதியவை என்று ஏலம் நடத்தியவர் விளம்பரம் செய்ய, அது உண்மையன்று என்று க்ளோஸ் தாமே பின்னர் எழுதி மறுத்தார். சேகரிப்பவனுக்கு வேண்டிய முதற்குணம் அந்த நேர்மையே என்பேன். தம் சங்கத்தைப் பற்றிய நூல்களிலும் துதி நூல், தூஷண நூல் என்று பேதம் பாராமல், பாட்டுப் புத்தகம், பிரசங்கம், கண்டனம் யாவற்றையும் திரட்டி, ஐயாயிரத்துக்கு மேற்பட்ட தலைப்புகள் அடங்கிய நூற்பட்டியலை 1844-ல் வெளியிட்டார்.

அவர் மறைவுக்குப்பின் அச்சேகரத்தை, நெதர்லாந்துச் சங்கத்தின் தலைவராக 1816 முதல் 1881 வரை வீற்றிருந்த இளவரசர் ஃப்ரெடரிக் விலைக்கு வாங்கிச் சங்கத்துக்கே வழங்க, அது ஹேக் நகரில் நிலைபெற்றது. 1940-ல் நாட்டைக் கைப்பற்றிய நாஜிகள் லாட்ஜுகள் எனப்படும் சங்கக் கிளைகளை மூடி நூல்களைப் பெட்டி பெட்டியாக ஜெர்மனிக்குக் கொண்டுபோனார்கள். சங்கத்தைப் பழிப்பதற்கே அதன் நூல்கள் அவர்களுக்குத் தேவைப்பட்டன. போர் ஓய்ந்தபின், மீட்ட நூல்களை அமெரிக்கர் தரம்பிரித்த ஆஃபன்பாக் கிடங்கு, க்ளோஸ் வாழ்ந்த பிராங்க்ஃபர்ட்டை ஒட்டியே இருந்தது. அங்கிருந்து 1946-ல் அவர் சேகரம் மறுபடி ஹாலந்துக்குச் சென்றது. ஜெர்மானிய லாட்ஜுகளில் பறித்த நூல்களோ பல போலந்துக்குப் போய், இன்று போஸ்னான் பல்கலைக்கழகத்தின் உடைமையாக ஆராய்ச்சியாளருக்குப் பயன்படுகின்றன.