விதிநூலில் வரும் பிழை

பழைய தமிழ் நூல்களைப் புரட்டிப் பழகிய ஆசிரியர்களுக்குப் ‘பிழையும் திருத்தமும்’ என்னும் பக்கம் புதிதன்று. நூலின் முன்னோ பின்னோ ஒட்டியிருக்கும் அப்பக்கத்தைப் பெரும்பாலோர் படிப்பதில்லை. கதை நூலில் ஓர் ஒற்று விடுபட்டால் படிப்பவர் தாமே அதை இட்டுக்கொண்டு மேலே செல்வார், கதை கெடுவதில்லை. ஆனால், சொன்னபடி செய்தே ஆகவேண்டும் என்று கட்டளையிடும் நூல் ஒன்றில் பிழை புகுந்தால் என்ன ஆகும்? அங்கே பிழையே விதியாகிவிடுகிறது. இதனை ஒரு விளையாட்டு நூலின் வாயிலாக அண்மையில் அறிந்தேன். ஆசிரியப் பெருமக்களுக்கும் பயன்படும் என்று கருதி இங்கே எழுதுகின்றேன்.

கோலாலம்பூரில் படிக்கும் என் மகன் விடுமுறைக்கு வந்தபோது தடித்த நூல் ஒன்றைக் கொண்டுவந்தான். “அப்பா, அட்டவணை ஒன்று சொல்கிறது, அதன் கீழுள்ள பத்தி வேறொன்று சொல்கிறது. நீங்கள் நன்னூல் படித்தவராயிற்றே, எதைக் கொள்வது?” என்று கேட்டான். அந்நூலின் பெயர் இங்கு வேண்டா. அது பாத்திரம் ஏற்று ஆடும் மேசையாட்டம் ஒன்றின் விதிநூல். நால்வர் ஐவர் மேசையைச் சுற்றி அமர்வர். ஒருவர் நடுவராக இருந்து கதையை நடத்துவார். மற்றவர் வீரன், திருடன், மந்திரவாதி என ஆளுக்கொரு பாத்திரமாகிப் பேசுவர். துணிந்து செய்யும் செயல் பலித்ததா இல்லையா என்பதைப் பகடை உருட்டித் தீர்ப்பர். பலகையில்லை, காயில்லை. ஆட்டம் முழுவதும் நூலில்தான் இருக்கிறது.

இவ்வகை ஆட்டங்களுக்கு முன்னோடி ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்பது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் அமெரிக்கர் இருவர் ஆக்கிய அது 1974-இல் வெளிவந்தது. ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு நூல்கள். முதற் பதிப்பு 1,000 படிகள். அந்நாள் தொட்டு இத்துறை நூல்களைப் பிடித்து வரும் குற்றங்களைப் பவணந்தியார் வகுத்த பத்துக் குற்றங்களோடு பொருத்திப் பார்த்தேன். வியப்பாகப் பொருந்துகின்றன.

முதலாவது, குன்றக் கூறல். 1974-ஆம் ஆண்டு நூல்கள் போர் விதிகளுக்கு 1971-இல் வந்த ‘செயின்மெயில்’ என்னும் வேறோர் ஆட்ட நூலைப் பார்க்கச் சொல்லின. அதனை வாங்காதவர் திகைத்து நின்றனர். இக்குறையைத் தீர்க்க முன்வந்தவர் ஒரு நரம்பியல் பேராசிரியர் என்றால் நம்புவீர்களா? எரிக் ஹோம்ஸ் என்னும் அவர், விதிகளைப் புதியவருக்கும் விளங்கும்படி செப்பஞ் செய்து தருவதாகத் தாமே கேட்டு ஏற்றுக்கொண்டார். அவர் பதிப்பித்த தொடக்க நூல் 1977-இல் வந்தது. ஆக்கியோன் ஒருவர், செப்பஞ் செய்வோர் மற்றொருவர் என்றிருப்பதன் நன்மையை இதனால் அறியலாம். எழுதியவர் கண்ணுக்குத் தம் மனத்தில் உள்ளதும் தாளில் உள்ளது போலவே தோன்றும்.

இரண்டாவது, மயங்க வைத்தல். ‘இதன் விரிவைப் பக்கம் எக்ஸ் எக்ஸில் காண்க’ என்று எழுதிவைத்து, நூல் கட்டி முடிந்தபின் உண்மை எண்ணை இடுவோம் என்று விட்டுவிடுவர், இடாமலே அச்சேறிவிடும். இத்துறையில் இஃது எவ்வளவு மலிந்ததென்றால், பெல்கிரேன் என்னும் பதிப்பகம் தன் இதழுக்கே ‘பக்கம் எக்ஸ் எக்ஸைக் காண்க’ என்று வேடிக்கையாகப் பெயரிட்டுக்கொண்டது.

பவணந்தியார் காணாத குற்றமும் ஒன்று உண்டு. அது கணினியால் வந்தது. மந்திரவாதியைக் குறிக்கும் ‘மேஜ்’ என்ற ஆங்கிலச் சொல்லை நீக்கி, ‘விசார்ட்’ என்ற சொல்லை எங்கும் இடுமாறு கணினிக்குக் கட்டளை தரப்பட்டது. சேதம் என்று பொருள்படும் ‘டேமேஜ்’ என்ற சொல்லின் கடைசி நான்கெழுத்தும் அதுவே அன்றோ? அங்கும் மாற்றம் பாய்ந்து ‘டாவிசார்ட்’ என்றொரு சொல் பிறந்தது. 1994-இல் வரத் தொடங்கிய ‘என்சைக்ளோபீடியா மேஜிக்கா’ என்னும் தொகுதியில் இதனைக் காணலாம். ‘மணி’ என்று வரும் இடமெல்லாம் ‘நேரம்’ என்று மாற்றச் சொன்னால், ‘கண்மணி’ ‘கண்நேரம்’ ஆகிவிடும். பொருளறியாத வேலையாளிடம் வேலை கொடுத்தவர், முடிவில் ஒருமுறை கண்ணால் பார்த்திருக்கவேண்டும்.

இவையெல்லாம் சிரித்து மறக்கத்தக்கவை. எழுத்துப் பிழை ஒன்றுமின்றி, இலக்கணம் வழுவாமல் வரும் பிழையே கொடியது. 2008-இல் வந்த நான்காம் பதிப்பில் ‘திறன் சோதனை’ என்றொரு விதி இருந்தது. சிறிய சோதனையில் 2 தோல்விக்கு முன் 4 வெற்றி பெறவேண்டும். மிகப் பெரியதில் 6 தோல்விக்கு முன் 12 வெற்றி. பெரியதற்குப் பரிசும் மிகுதி. 4-க்கு 2, 12-க்கு 6. அளவு ஒத்திருக்கிறதே என்று தோன்றும். கணக்கிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முயற்சியிலும் நான்கில் மூன்று பங்கு வெற்றி வாய்ப்பு உடையவர்க்குச் சிறிய சோதனையில் வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 63, பெரியதிலோ 77! அரைப் பங்கு வாய்ப்பே உடையவர்க்குச் சிறியதில் 19, பெரியதில் 7. வல்லவனுக்குப் பெரிய சோதனை எளிதாகி, எளியவனுக்குப் பெருஞ்சுவர் ஆகிவிட்டது. மெய்ப்புப் பார்ப்பவர் எத்தனை பேர் படித்தாலும் இப்பிழை கண்ணில் படாது. விளையாடிப் பார்த்தவனுக்கும் கூட்டிப் பார்த்தவனுக்குமே அகப்படும். அதே ஆண்டில் திருத்தம் வெளியிட்டனர்: எச்சோதனைக்கும் தோல்வி மூன்றே, எட்டவேண்டிய எண்களையும் குறைத்தனர். தோல்வி மூன்று என்றானபின், முன்சொன்ன வல்லவர்க்குச் சிறியதில் 83, பெரியதில் 28 என்று முறை நேராகிறது.

பிழையை ஒப்புக்கொள்ளும் வழக்கத்தை இத்துறையினரிடம் நாம் கற்கலாம். ‘டிராகன்’ இதழில் 1979 நவம்பரிலேயே வாசகர் ஐயங்களுக்கு விடையளிக்கும் பகுதி தொடங்கிவிட்டது. இன்று திருத்தப் பட்டியல்களை இணையத்தில் விலையின்றித் தருகின்றனர். பின்வரும் அச்சுகளில் அவற்றைச் சேர்த்தும் விடுகின்றனர். இதிலும் ஓர் இடர் உண்டு. ஒரே மேசையில் ஒருவரிடம் பழைய அச்சும் மற்றவரிடம் புதிய அச்சும் இருந்தால், இருவரும் நூலைக் காட்டியே சண்டையிடுவர். ஆதலின் திருத்தம் செய்தால் மட்டும் போதாது. எந்த நாளில், எந்த அச்சில் திருத்தினோம் என்றும் சொல்லவேண்டும்.

இவ்வளவையும் நான் ஆராயக் காரணம் விளையாட்டு அன்று. பல ஆண்டுகளுக்கு முன், தோட்டப் பள்ளியொன்றில் நான் இளம் ஆசிரியனாக இருந்தேன். பயிற்சி நூல் ஒன்றின் விடைப் பக்கத்தைப் பார்த்துக் கணக்குத் திருத்துவேன். பால்வெட்டுத் தொழிலாளி ஒருவரின் மகள் ஒரு கணக்குக்கு 48 என்று விடை எழுதியிருந்தாள். நூலில் 84. தவறென்று குறியிட்டேன். மறுநாள் மீண்டும் 48. “நன்றாகப் பார், அம்மா” என்று கடிந்து மறுபடியும் தவறென்றேன். மூன்றாம் நாள் 84 என்று எழுதி வந்தாள். சரி போட்டுவிட்டேன். மாலையில் ஏதோ உறுத்த, நானே அக்கணக்கைச் செய்தேன். விடை 48. அச்சுக் கோத்தவர் இலக்கங்களை மாற்றிவிட்டிருந்தார். அவளுடைய ஏட்டைத் திறந்து பார்த்தேன். 84 வருவதற்காகச் செய்முறையையே பொய்யாக மாற்றி எழுதியிருந்தாள்.

அச்சகத்தார் செய்தது ஒரு பிழை. அதனை விதியாக்கியவன் நான். மறுநாள் வகுப்பின் முன் நின்று, “நீ சொன்னதே சரி, நூலும் தவறு, நானும் தவறு” என்று சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. தன் கணக்கை நம்பக் கூடாது என்று மூன்று நாளில் நான் கற்றுக்கொடுத்துவிட்டதை, ஒரு சொல்லால் மீட்க முடியுமா?

அன்று முதல் நான் கைக்கொள்ளும் முறைகள் சில. விடைப் பக்கத்தைப் பார்க்குமுன் கணக்கை நானே செய்கிறேன். வினாத்தாளை எழுதியவரல்லாத மற்றோர் ஆசிரியர் தேர்வு எழுதுவதுபோல் எழுதிப் பார்த்த பின்னரே படியெடுக்கிறோம். பிழை கண்டால் நாளிட்டுத் திருத்தச் சீட்டு எழுதி, நூலின் முதற் பக்கத்திலேயே ஒட்டுகிறோம். பிழையைக் கண்டது மாணவன் ஆனால், அச்சீட்டில் அவன் பெயரையும் எழுதுகிறோம்.

என் மகனுக்கு நான் சொன்ன விடையும் இதுதான்: “அட்டவணையா பத்தியா என்று என்னைக் கேளாதே. இரண்டையும் ஆடிப் பார். எது ஆட்டத்தை நேர்மையாக நடத்துகிறதோ, அதை நால்வரும் ஒப்பி நூலின் ஓரத்தில் எழுதுங்கள். பிறகு பதிப்பித்தவர்க்கும் ஒரு கடிதம் போடு.”