சோறு சரியில்லை என்றால் ரோடு நிற்கும்! ஒரகடம் - ஸ்ரீபெரும்புதூர் கேண்டீன் சாப்பாட்டின் கதை

"சாப்பாடு எப்படி?"

"ஏதோ இருந்துச்சு!"

ஒரகடம், வல்லம், சுங்குவார்சத்திரம் பக்கம் கம்பெனி பஸ்சை விட்டு இறங்கும் தொழிலாளியிடம் கேட்டால் பெரும்பாலும் இதுதான் பதில். கட்டிடம் கண்ணாடிக் கட்டிடம். எந்திரம் வெளிநாட்டு எந்திரம். தட்டில் விழும் சோறு மட்டும் மனசுக்குப் பிடிப்பதில்லை.

இது வெறும் நாக்குப் பிரச்சினை என்று தள்ளிவிட முடியாது. சோறு கெட்டதால் ஒரு தடவை சென்னை - பெங்களூர் ரோடே நின்று போனது. உலகம் பூராவும் போகும் செல்போனைத் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்று மூன்று வாரத்துக்கு மேல் மூடிக் கிடந்தது. நடந்தது 2021-ம் ஆண்டு டிசம்பர் மாதம்.

கற்காலத்து ஊர்

காஞ்சீபுரம் மாவட்டம் ஒரகடம் அருகே வடக்குப்பட்டு கிராமம் இருக்கிறது. 2022-ம் ஆண்டு மத்திய தொல்லியல் துறையினர் இங்கு குழி தோண்டிப் பார்த்தார்கள். சுமார் 12 ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தியவை என்று கணிக்கப்பட்ட கற்கருவிகள் கிடைத்தன. கல்லைச் செதுக்கி வேட்டையாடிச் சாப்பிட்ட மனிதன் வாழ்ந்த பூமி இது.

இன்று சுற்றிலும் தொழிற்சாலைகள். இருங்காட்டுக்கோட்டையில் 1998-ம் ஆண்டு ஹூண்டாய் கார் வெளிவந்தது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா வந்தது, 2014-ல் மூடப்பட்டது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ - நிசான் கார் ஆலை திறக்கப்பட்டது. கோமட்சு, யமஹா என்று ஜப்பான் கம்பெனிகளும் வந்தன.

கம்பெனி வந்ததும் ஆள் வந்தது. திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்துப் பெண்கள் வந்தார்கள். ஒரிசா, பீகார், அசாமில் இருந்து வாலிபர்கள் வந்தார்கள். வந்தவர்கள் எல்லோருக்கும் சோறு வேண்டும். அதுவும் காலை, பகல், ராத்திரி என்று மூன்று ஷிப்டுக்கும் வேண்டும்.

அண்டா சமையல்

வீட்டில் நாலு பேருக்குச் சமைப்பது ஒரு வேலை. நாலாயிரம் பேருக்குச் சமைப்பது வேறு வேலை.

பகல் சாப்பாட்டுக்கு விடிவதற்கு முன்பே அடுப்பு பற்ற வைக்க வேண்டும். பல இடங்களில் தொழிற்சாலைக்குள் சமையல் கிடையாது. வெளியே ஓரிடத்தில் சமைத்து, மூடி போட்ட டப்பாக்களில் அடைத்து, வேனில் ஏற்றிக் கொண்டு வருகிறார்கள். ஆவியிலேயே மணிக்கணக்கில் இருக்கும் சோறு குழைந்து விடுகிறது. பொரியல் நிறம் மாறி விடுகிறது. அப்பளம் நமத்துப் போகிறது. சாம்பார் தீரும் நேரத்தில் வெந்நீர் ஊற்றி விளாவினால் கடைசிப் பந்திக்காரன் தட்டில் மஞ்சள் தண்ணீர்தான் ஓடும்.

ருசி போனால் கூடப் பரவாயில்லை. "பசி ருசி அறியாது" என்று பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஆனால் வயிறு அறியும். சமைத்த சோறு ஆறிப் போய் வெதுவெதுப்பாகக் கிடக்கும்போதுதான் கிருமி பெருகுகிறது. சூடாகப் பரிமாற வேண்டிய உணவை 60 டிகிரிக்குக் குறையாத சூட்டில் வைத்திருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. சோற்றில் பெருகும் ஒருவகைக் கிருமி வெளியிடும் நஞ்சு, திரும்பச் சுட வைத்தாலும் சாகாது. பழைய சோற்றைக் கிளறிச் சூடாக்கி விட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பது தப்பு.

159 பேர் ஆஸ்பத்திரியில்!

சுங்குவார்சத்திரத்தில் ஐபோன்களைப் பூட்டும் பாக்ஸ்கான் தொழிற்சாலையில் அப்போது சுமார் 17 ஆயிரம் பேர் வேலை பார்த்தார்கள். பெரும்பாலோர் இளம்பெண்கள். காண்டிராக்டர்கள் நடத்திய விடுதிகளில் தங்கி, பஸ்சில் வேலைக்குப் போய் வந்தார்கள்.

பூந்தமல்லி பக்கத்தில் உள்ள ஒரு விடுதியில் சாப்பிட்ட பெண்களுக்குத் திடீரென்று வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டது. 250-க்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டனர். டிசம்பர் 15-ந்தேதி 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர்.

கூட வேலை பார்த்தவர்கள் எங்கே, எப்படி இருக்கிறார்கள் என்ற தகவல் மற்றப் பெண்களுக்குச் சரியாகக் கிடைக்கவில்லை. "செத்துப் போயிட்டாங்களாம்!" என்று வதந்தி பரவியது. செல்போனிலேயே ஊரெல்லாம் சுற்றியது. உண்மையில் யாரும் சாகவில்லை. ஆனால் அதை நம்பும்படி எடுத்துச் சொல்ல ஆள் இல்லை.

17-ந்தேதி இரவு பெண்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில் லாரியும் பஸ்சும் வரிசை கட்டி நின்றன. மார்கழிப் பனியில் மறியல் மறுநாளும் நீடித்தது. போலீசார் 67 பெண்களைப் பிடித்துச் சென்றனர். காஞ்சீபுரம் கலெக்டர் ஆர்த்தி நேரில் போய்ப் பேச்சு நடத்தினார். 18-ந்தேதி முதல் தொழிற்சாலை மூடப்பட்டது.

எலி ஓடிய சமையல்கட்டு

உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் அந்த விடுதியின் சமையல்கட்டில் சோதனை போட்டார்கள். எலி இருந்தது. கழிவுநீர் சரியாகப் போக வழியில்லை. சமையல்கட்டை இழுத்து மூடினார்கள்.

பின்பு செய்தி நிறுவனத்திடம் பேசிய பெண்கள் மேலும் பல விவரங்களைச் சொன்னார்கள். ஒரு அறையில் 6 பேர் முதல் 30 பேர் வரை. தரையில் படுக்கை. சில இடங்களில் கக்கூசில் தண்ணீர் வராது. சாப்பாட்டில் புழு நெளிந்தது உண்டு. மாதச் சம்பளம் சுமார் 10,500 ரூபாய். அதிலிருந்துதான் தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் கொடுக்க வேண்டும்.

காசு கொடுத்துச் சாப்பிட்ட சோறு அது. யாரும் தர்மத்துக்குப் போட்டது அல்ல.

ஐபோன் உரிமையாளரான ஆப்பிள் கம்பெனி, விடுதிகளிலும் சாப்பாட்டுக் கூடங்களிலும் சில தன் விதிகளுக்கு உட்பட்டு இல்லை என்று ஒப்புக்கொண்டது. தொழிற்சாலையைக் கண்காணிப்பில் வைப்பதாக அறிவித்தது. பாக்ஸ்கான் வருத்தம் தெரிவித்தது. உள்ளூர் நிர்வாகத்தை மாற்றி அமைப்பதாகச் சொன்னது. மூடியிருந்த நாட்களுக்கும் சம்பளம் உண்டு என்றது. 2022 ஜனவரி 12-ந்தேதி ஆலை மறுபடி திறந்தது. முதலில் கொஞ்சம் பேர்தான் வேலைக்கு அழைக்கப்பட்டார்கள்.

ஒரு ரூபாய்க் கணக்கு

தப்பு எங்கே நடக்கிறது? தட்டுக்கு இவ்வளவு என்று பேசி காண்டிராக்ட் விடுகிறார்கள். யார் குறைத்துக் கேட்கிறாரோ அவருக்கு வேலை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாள் ஒன்றுக்கு 10 ஆயிரம் தட்டு போகிற இடத்தில், தட்டுக்கு ஒரே ஒரு ரூபாயை மிச்சம் பிடித்தால் தினமும் 10 ஆயிரம் ரூபாய். மாதம் 3 லட்சம்! அந்த ஒரு ரூபாய் எங்கிருந்து வரும்? பருப்பில் வரும். எண்ணெயில் வரும். பாத்திரம் கழுவும் ஆளைக் குறைப்பதில் வரும். நேற்று மிஞ்சியதை இன்று கலப்பதில் வரும்.

சாப்பாடு மலிவாக இருப்பதில் தப்பில்லை. மலிவுக்கும் விலைக்கும் நடுவில் உள்ள காசை யார் கொடுப்பது என்பதுதான் கேள்வி.

ஜப்பானில் பல பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்கு 100 யென்னுக்குக் காலைச் சாப்பாடு போடுகிறார்கள். அங்கே 100 யென்னுக்கு வெளியில் அந்தச் சாப்பாடு கிடைக்காது. மீதிச் செலவைப் பெற்றோர் சங்கமும் பழைய மாணவர் சங்கமும் பல்கலைக்கழகமும் ஏற்றுக் கொள்கின்றன.

நம்மூரிலேயே உதாரணம் உண்டு. 2013-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் சென்னையில் அம்மா உணவகம் ஆரம்பிக்கப்பட்டபோது இட்லி ஒரு ரூபாய். சாம்பார் சாதம் 5 ரூபாய். தயிர் சாதம் 3 ரூபாய். நஷ்டத்தை மாநகராட்சி தாங்கியது. அதனால்தான் அந்த விலைக்குப் போட முடிந்தது. தாங்குவதற்கு ஆள் இல்லாத இடத்தில், சாப்பிடுகிறவன் வயிறுதான் தாங்க வேண்டியிருக்கிறது.

ஜப்பான் சோறும் நம்ம சோறும்

ஒரகடம் வட்டாரத்தில் ஜப்பான் என்ஜினீயர்களுக்காக ஜப்பான் சாப்பாடு போடும் ஓட்டல்களும் உண்டு. மலிவாகப் போட நினைத்தால் அங்கேயும் இதே கதைதான்.

ஜப்பான் அரிசி குட்டை அரிசி. வெந்தால் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டினால்தான் குச்சியால் எடுக்க முடியும். மீனை வைத்து உருட்ட முடியும். நம்ம பொன்னி அரிசியைப் போட்டால் உருண்டை உதிர்ந்து விடும். தொட்டுக்கொள்ளும் பச்சை நிறக் காரமான 'வசாபி'யின் கிழங்கு விலை அதிகம். அதனால் மலிவு ஓட்டல்களில் மட்டுமல்ல, ஜப்பானிலேயே பெரும்பாலும் வேறொரு காரக் கிழங்கையும் கடுகையும் அரைத்து, பச்சைச் சாயம் சேர்த்துத்தான் வைக்கிறார்கள். காரம் இருக்கும். அசல் மணம் இருக்காது.

நாக்கின் பழக்கம் சாமானியமானது அல்ல. 1993-ம் ஆண்டு ஜப்பானில் கோடை குளிர்ந்து போய் நெல் விளைச்சல் சுமார் கால் பங்கு குறைந்தது. தாய்லாந்தில் இருந்து அரிசி இறக்குமதி செய்தார்கள். நல்ல அரிசிதான். ஆனால் நீள அரிசி, உதிரியாக வெந்தது. ஜப்பான்காரர்கள் வேண்டாம் என்று ஒதுக்கினார்கள். பஞ்ச காலத்திலும் கடைகளில் அது விலை போகாமல் தேங்கியது.

நமக்குக் குழைந்தால் பிடிக்காது. அவர்களுக்கு உதிர்ந்தால் பிடிக்காது. அப்படியானால் சப்பாத்தி சாப்பிட்டு வளர்ந்த பீகார் வாலிபனுக்கு மூன்று வேளையும் சாம்பார் சோறு போட்டால் எப்படி இருக்கும்? அவன் கேட்பது விருந்து அல்ல. வீட்டு வாசனை கொஞ்சம்.

சட்டம் என்ன சொல்கிறது?

கேண்டீன் என்பது முதலாளி மனம் வைத்துக் கொடுக்கும் சலுகை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 46-வது பிரிவிலேயே, 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் கேண்டீன் வைக்க வேண்டும் என்று எழுதப்பட்டது. கேண்டீன் நடத்தும் செலவில் ஒரு பகுதியைச் சாப்பாட்டு விலையில் ஏற்றக்கூடாது, நிர்வாகமே ஏற்க வேண்டும் என்று 1976-ல் திருத்தம் வந்தது.

2025 நவம்பர் 21-ந்தேதி முதல் அமுலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் இந்த எண்ணிக்கை 100 ஆகக் குறைக்கப்பட்டது. காண்டிராக்ட் தொழிலாளர்களையும் சேர்த்து எண்ண வேண்டும் என்பது இதில் முக்கியம்.

பெண்கள் விடுதிகளுக்குத் தனிச் சட்டமே உண்டு. 2014-ம் ஆண்டு தமிழ்நாடு அரசு கொண்டுவந்த சட்டப்படி, பெண்கள் விடுதி நடத்துவோர் பதிவு செய்து லைசென்சு வாங்க வேண்டும். சமையல் செய்து போடுவோருக்கு உணவுப் பாதுகாப்பு லைசென்சு வேண்டும். அதில் 14 இலக்க எண் இருக்கும். சாப்பிடுகிறவர்கள் கண்ணில் படும்படி அதை மாட்டி வைக்க வேண்டும்.

18,720 படுக்கைகள்

2021 மறியலுக்குப் பிறகு நிலைமை ஓரளவு மாறியது. வல்லம் வடகால் சிப்காட்டில் 706 கோடியே 50 லட்சம் ரூபாயில் பெண் தொழிலாளர்களுக்காகப் பெரிய விடுதி கட்டப்பட்டது. 2024 ஆகஸ்டு 17-ந்தேதி முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் அதைத் திறந்து வைத்தார். பாக்ஸ்கான் தலைவர் யங் லியூவும் வந்திருந்தார். 13 கட்டிடங்கள். கட்டிடத்துக்கு 240 அறைகள். அறைக்கு 6 பேர். மொத்தம் 18,720 பேர் தங்கலாம்.

30 பேர் படுத்த இடத்தில் இருந்து 6 பேர் அறைக்கு வந்தது பெரிய முன்னேற்றம். ஆனால் இந்த வட்டாரத்தில் வேலை பார்க்கும் எல்லோருக்கும் அந்த விடுதியில் இடம் கிடைத்து விடாது. கிராமத்து வாடகை வீடுகளிலும், சிறிய மெஸ்களிலும், காண்டிராக்டர் விடுதிகளிலும் இருப்பவர்கள் ஏராளம். அங்கே சமையல்கட்டை எட்டிப் பார்ப்பது யார்?

பழைய தொழிற்சாலை விதிகளில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. கேண்டீனுக்கு ஒரு கமிட்டி வேண்டும்; அதில் தொழிலாளர்கள் தேர்ந்தெடுத்து அனுப்பும் ஆட்களும் உட்கார வேண்டும்; என்ன சமைப்பது, என்ன தரம் என்பதில் அவர்களைக் கலந்து பேச வேண்டும் என்பது அது. பல இடங்களில் அந்தக் கமிட்டி காகிதத்தோடு சரி. சாப்பிடுகிறவனும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, "இந்த சாம்பார்ல பருப்பு எங்கேங்க?" என்று கேட்க முடிந்தால், யாரும் ரோட்டில் வந்து உட்கார வேண்டிய அவசியம் இருக்காது.