காலைல ஸ்டார்ட் ஆகாத ஆர்.எக்ஸ். 100: பர்ஸைத் திறக்குறதுக்கு முன்னாடி பிளக்கைக் கழட்டுங்க!

சம்பளம் வாங்க ஆரம்பிச்சு கையில கொஞ்சம் காசு சேர்ந்ததும் நம்மில் பலருக்கு வர்ற ஆசை, ஒரு பழைய யமஹா ஆர்.எக்ஸ். 100. 1985-ல வந்து 1996-ல நின்னுபோன வண்டி. இன்னைக்கு நீங்க எந்த ஆர்.எக்ஸ். வாங்கினாலும் அதுக்குக் கிட்டத்தட்ட முப்பது வயசாவது இருக்கும்.

நானும் ஒண்ணு வாங்கினேன். சாயங்காலம் போய்ப் பார்த்தப்போ ஒரே கிக்ல ஸ்டார்ட் ஆச்சு. பேரம்கூடப் பேசாம பணத்தைக் கொடுத்துட்டேன். மறுநாள் காலைல இருபது தடவை உதைச்சும் அசையல. ஆட்டோ பிடிச்சுத்தான் ஆஃபீஸ் போனேன். மெக்கானிக் கார்ப்பரேட்டரை மாத்தச் சொன்னார், மாத்தினேன். அப்புறம் காயில். அப்பவும் சரியாகல. கடைசியில வேற ஒருத்தர்தான் கிராங்க் சீல் போயிருக்குன்னு கண்டுபிடிச்சார். முதல் ரெண்டு செலவும் தண்டம்!

அந்தத் தண்டம் உங்களுக்கு வேண்டாம்னுதான் இந்தப் பதிவு.

ஏன் காலைல மட்டும்?

இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பெட்ரோல் சரியா ஆவியாகாது. அதனால வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக பெட்ரோல் உள்ளே போகணும். புது வண்டியில இதை சென்சாரும் கம்ப்யூட்டரும் பார்த்துக்கும். கார்ப்பரேட்டர் வண்டியில சோக் போட்டு நாமதான் கொடுக்கணும்.

நம்ம விதி ஒண்ணுதான்: செலவு கம்மியானதை முதல்ல பாருங்க.

1. செலவே இல்லாதது: சோக்

சோக்கை முழுசாப் போடுங்க. ஆக்ஸிலரேட்டரை முறுக்காம உதைங்க. இந்த வண்டியில இருக்குற மிக்குனி கார்ப்பரேட்டர்ல, ஆக்ஸிலரேட்டர் மூடியிருந்தாதான் சோக் வழியா பெட்ரோல் இழுக்கும். முறுக்கினா சோக் போட்டும் பிரயோஜனம் இல்ல. பல பேரோட பிரச்சினை இங்கேயே முடிஞ்சிடும்.

2. கொஞ்சம் பெட்ரோல் காசு

பல நாள் நின்ன வண்டியா? எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். கார்ப்பரேட்டர் கிண்ணத்துல இருக்குற பழைய பெட்ரோலை வடிச்சுட்டு, புதுசு விட்டுப் பாருங்க.

3. சில நூறு ரூபாய்: பிளக்

அஞ்சாறு தடவை உதைச்சுட்டு பிளக்கைக் கழட்டிப் பாருங்க. நனைஞ்சிருந்தா பெட்ரோல் வருது, ஸ்பார்க் மேலதான் சந்தேகம். முதல்ல புது பிளக் போடுங்க. காய்ஞ்சிருந்தா பெட்ரோலே வரல, ஜெட் அடைச்சிருக்கலாம். கார்ப்பரேட்டரைச் சுத்தம் பண்ணினாலே பெரும்பாலும் போதும், புதுசு வாங்க அவசரப்படாதீங்க.

4. ஆயிரக்கணக்குல: இன்ஜின் வேலை

இவ்வளவும் பார்த்தப்புறம்தான் இதுக்கு வரணும். கிக்கர் கனமே இல்லாம இறங்குதா? பிஸ்டன் ரிங் தேய்ஞ்சிருக்கலாம். சோக்ல மட்டும் ஓடி, எடுத்ததும் அணையுதா? ஜெட் சுத்தமா இருந்தும் அப்படின்னா, கிராங்க் சீல் வழியா காத்து புகுந்திருக்கலாம். ஐடிலிங் தானா ஏறி இறங்குறதும் அதோட அறிகுறிதான்.

வாங்கப் போறவங்களுக்கு

காலைலயே போங்க. "நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க அண்ணா"ன்னு முன்னாடியே சொல்லிடுங்க. போனதும் சைலன்சர் பக்கம் கையைக் கொண்டுபோங்க. சூடா இருந்தா, உங்களுக்காக யாரோ ஏற்கெனவே உதைச்சு வெச்சிருக்காங்க. இன்னொரு நாள் வர்றேன்னு சொல்லிட்டுக் கிளம்புங்க. குளிர்ந்த வண்டி சோக் போட்டு நாலஞ்சு கிக்குக்குள்ள வரலைன்னா, இன்ஜின் வேலைக்கு ஆகுற தொகையை விலையில குறைக்கச் சொல்லிப் பேசுங்க.

கடைசியா ஒண்ணு. கையில இருக்குற மொத்தப் பணத்தையும் வண்டி விலையிலேயே போட்டுடாதீங்க. ஆர்.சி. புதுப்பிக்க, இன்சூரன்ஸ் கட்ட, இன்ஜின் வேலைக்குன்னு ஒரு தொகையைத் தனியா வைங்க. எமர்ஜென்சி ஃபண்டுல மட்டும் கை வைக்காதீங்க.

பிளக்கைக் கழட்டிப் பார்க்குறது எப்படின்னு வீடியோவா நம்ம சேனல்ல போட்டிருக்கேன். பாருங்க. அடுத்த பதிவுல சந்திப்போம்!