16 வயது நிறையுமுன் பட்டம், 17 வயதில் பட்டறை! தெரியுமா?

டைட்டன் வாட்ச் விளம்பரத்தின் அந்த இசை உங்களுக்கு மனப்பாடம்தானே? அதை இயற்றியது யார் தெரியுமா? மொஸார்ட்! அவருடைய 25-ஆம் சிம்பொனியிலிருந்து எடுத்தது. சரி, எழுதும்போது அவருக்கு என்ன வயது தெரியுமா? வெறும் 17! ஆண்டு 1773. நம் வீட்டில் பிளஸ் டூ படிக்கும் வயது!

இந்த 17 வயதுக்கும் டைட்டன் தொழிற்சாலை இருக்கும் ஓசூருக்கும் ஒரு தொடர்பு உண்டு!

டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-இல் டைட்டனைத் தொடங்கின. ஓசூரில் தொழிற்சாலை எழுந்தது. ஆரம்ப நாட்களில் அங்கே வேலைக்கு எடுக்கப்பட்டவர்கள் யார் தெரியுமா? அனுபவசாலிகள் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள்! அவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டின் சின்னச் சின்ன ஊர்களிலிருந்து பள்ளிப் படிப்பை முடித்த கையோடு வந்த பிள்ளைகள். பலருக்கு மீசைகூட ஒழுங்காக முளைத்திருக்காது!

வீட்டை விட்டு முதல்முறை வெளியே வந்த இந்தப் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது? இதுதான் உண்மையிலேயே வாய் பிளக்க வைக்கும் சங்கதி! கம்பெனியே ஓசூரில் வீடுகளை வாடகைக்குப் பிடித்தது. பிள்ளைகளைக் குடிவைத்தது. அவர்களைக் கவனித்துக்கொள்ள வளர்ப்புப் பெற்றோரையும் ஏற்பாடு செய்தது! ஆமாம், அப்பா அம்மா ஸ்தானத்தில் ஆட்கள்! ஆள் எடுக்கும் இலாகா இவ்வளவு யோசிக்குமா? யோசித்திருக்கிறது! (என்னைக் கேட்டால், வாட்ச்சைவிட இதுதான் பெரிய கண்டுபிடிப்பு.)

அந்தத் தொழிற்சாலையின் வேலை எவ்வளவு நுணுக்கம் தெரியுமா? குவார்ட்ஸ் வாட்ச்சுக்குள் இருக்கும் துளியூண்டு படிகம் ஒரு வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது! 2002-இல் வந்த டைட்டன் எட்ஜ் வாட்ச்சின் மொத்தத் தடிமன் 3.5 மில்லிமீட்டர்! உள்ளே இருக்கும் இயந்திரமோ 1.15 மில்லிமீட்டர்தான்!

இதே வயதுப் பையன் இன்னொருவனைப் பார்க்க இப்போது ஜெர்மனிக்குப் போவோம், வருகிறீர்களா?

இரண்டாம் உலகப்போர் முடிந்த மறு ஆண்டே, 1946-இல், இலக்கிய நோபல் பரிசு வாங்கியவர் ஹெர்மன் ஹெஸ்ஸே. 'சித்தார்த்தா' எழுதியவர். திருலோக சீதாராம் தமிழில் கொண்டுவந்தாரே, அதே நாவல்தான்! இவருடைய அம்மா எங்கே பிறந்தார் தெரியுமா? நம்ம தலச்சேரியில், 1842-இல்! தாத்தா யார்? 1872-இல் மலையாள அகராதி தந்த குண்டர்ட்! இவ்வளவு இருந்தும் ஹெஸ்ஸே 1911-இல் இலங்கையின் கண்டி வரை வந்தாரே தவிர, இந்திய மண்ணில் கால் வைக்கவே இல்லை!

ஆனால் நோபல் வாங்கிய இந்த மனிதர் பிள்ளைப் பருவத்தில் பெற்றோரை என்ன பாடு படுத்தினார் தெரியுமா?

1892 மார்ச். வயது 14. மௌல்பிரோன் என்ற ஊரின் விடுதிப் பள்ளியிலிருந்து ஓட்டம்! மறுநாள்தான் கிடைத்தான். அதன்பின் வேறு பள்ளி. அதுவும் சரிப்படவில்லை. புத்தகக் கடையில் வேலை கற்க அனுப்பினார்கள். எத்தனை நாள் தாக்குப்பிடித்தான்? மூன்றே நாள்! நடுவில் மனநல விடுதியிலும் கொஞ்ச காலம். அங்கிருந்து அப்பாவுக்கு அவன் எழுதிய கடிதங்களில் அனல் பறக்கும்! கடவுள் ஊழியமே வாழ்க்கை என்று இருந்த அந்தக் குடும்பம் என்னதான் செய்யும், பாவம்!

கடைசியில் பையன் எங்கே போய்ச் சேர்ந்தான் தெரியுமா? கடிகாரப் பட்டறைக்கு! சொந்த ஊரான கால்வில் பெர்ரோ என்பவரின் கோபுரக் கடிகாரத் தொழிற்சாலை. 1894-இல் சேர்ந்தான், 17 வயதை ஒட்டி! அரம் பிடித்து ராவுவது, பற்றவைப்பது, மறுபடி ராவுவது... ஓராண்டுக்கு மேல் இதே வேலை! சலிப்புத் தாங்காமல் மனம் மறுபடி எழுத்துப் பக்கம் திரும்பியது. அடுத்து டூபிங்கன் ஊரில் ஒரு புத்தகக் கடை. இந்த முறை ஓடவில்லை!

பட்டறை முதலாளியை ஹெஸ்ஸே மறந்தாரா? 1943-இல் வந்த அவருடைய கடைசிப் பெரிய நாவலில், கதையின் மையமான கண்ணாடி மணி விளையாட்டைக் கண்டுபிடிக்கும் பாத்திரத்தின் பெயர் என்ன தெரியுமா? பெர்ரோ!

இன்னொன்று கேளுங்கள்! மெக்காவின் பிரம்மாண்டக் கோபுரத்தில், 43 மீட்டர் குறுக்களவு முகத்தோடு ஒரு கடிகாரம் இருக்கிறதல்லவா? அதைச் செய்ததும் பெர்ரோ நிறுவனம்தான்!

சரி, ஹெஸ்ஸே அரம் பிடித்த அதே 1894-இல் நம்ம ஓசூர்ப் பையன் ஒருவன் என்ன செய்துகொண்டிருந்தான்? பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் பட்டமே வாங்கிவிட்டான்! 16 வயதுகூட நிறையவில்லை! யார் அந்தப் பையன்? 1878-இல் ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்து, ஓசூர்ப் பள்ளியில் படித்த ராஜாஜி! 1958-இல் 'சக்கரவர்த்தித் திருமகன்' நூலுக்குச் சாகித்ய அகாடமி விருது வாங்கியவரும் அவரே.

அவர் வீட்டிலும் டீன் ஏஜ் விவகாரம் வந்ததே, தெரியுமா? மகள் லட்சுமிக்குச் சுமார் 15 வயது. காந்தியின் கடைசி மகன் தேவதாஸோடு காதல்! இரண்டு பெரியவர்களும் அடித்தார்களா, பூட்டி வைத்தார்களா? இல்லை! "ஐந்து ஆண்டு காத்திருங்கள், அதுவரை சந்திப்பும் கூடாது, கடிதமும் கூடாது" என்றார்கள். பிள்ளைகள் காத்திருந்தார்கள்! 1933 ஜூனில் புனேயில் கல்யாணம்! அந்தத் தம்பதியின் மகன் கோபாலகிருஷ்ண காந்தி 2004-இல் மேற்கு வங்க ஆளுநரானார். மேற்கு வங்கத்தின் முதல் ஆளுநர் யார் தெரியுமா? தாத்தா ராஜாஜியேதான்!

கடைசியாக, உங்கள் வீட்டுக் கடிகாரம் ஒன்று! பருவ வயதில் உடம்புக்குள் இருக்கும் கடிகாரமே இரண்டு மணி நேரம் வரை பின்னால் தள்ளிப்போகும் தெரியுமா? ராத்திரி 11 மணிக்கு முன் தூக்கம் வராதது எல்லாம் திமிர் அல்ல! 13 முதல் 18 வயது வரை தினமும் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். சிப்காட்டில் நைட் ஷிப்டு முடித்து வரும் அப்பாக்களே, லீவு நாளில் பையன் எட்டு மணிக்கும் போர்வைக்குள் இருந்தால் தண்ணீர்ச் சொம்பைத் தேடாதீர்கள்! இன்னும் கொஞ்ச நேரம் தூங்கட்டும், விடுங்கள்!