கையால் சுற்றினால் கணினி ஓடுமா?

2005 நவம்பரில் டுனீஷியா நாட்டின் டுனிஸ் நகரில் நடந்த உலக மாநாட்டில், ஒரு சிறிய பச்சை நிற மடிக்கணினி எல்லோருடைய கண்ணையும் கவர்ந்தது. அதன் பக்கவாட்டில் மஞ்சள் நிறக் கைப்பிடி ஒன்று இருந்தது. அதைச் சுற்றினால் மின்சாரம் கிடைக்கும்! மின்கம்பி எட்டாத ஊர்களின் பள்ளிக் குழந்தைகளுக்காக, நிக்கலஸ் நெக்ரோபான்டி என்னும் அமெரிக்கப் பேராசிரியரின் குழுவினர் அதை வடிவமைத்தனர்.

ஆனால் பிறகு பெரு, ருவாண்டா போன்ற நாடுகளின் குழந்தைகள் கைக்கு வந்த கணினியில் அந்தக் கைப்பிடி இல்லை. ஏன்? வாருங்கள், நாமே கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சாதாரண மடிக்கணினி ஒன்று 30 வாட் திறனை எடுத்துக்கொள்வதாகக் கொள்வோம். ஒரு மணி நேரம் இயங்க அதற்கு 30 வாட்-மணி ஆற்றல் வேண்டும். கையால் சுற்றும்போது, களைப்பின்றித் தொடர்ந்து தரக்கூடிய திறன் சுமார் 15 வாட்தான். டைனமோவிலும் பாட்டரியிலும் ஒரு பகுதி வெப்பமாக வீணாகும். நூற்றுக்கு 60 பங்கு தேறினால், நமக்குக் கிடைப்பது 9 வாட். ஆக, ஒரு மணி நேரம் படிக்க மூன்று மணி நேரத்துக்கு மேல் சுற்ற வேண்டும்! பாடம் படிப்பது எப்போது?

கையைவிடக் கால் வலிமையானது அல்லவா? மிதிவண்டியைப் போல மிதித்தால், உடல்நலமுள்ள பெரியவர் ஒருவர் 75 வாட் தர முடியும். அதில் 45 வாட் தேறும். 40 நிமிடம் மிதித்தால் ஒரு மணி நேரம் கணினி ஓடும். ஆனால் தசை இயந்திரத்துக்கும் எரிபொருள் வேண்டுமே! உண்ணும் உணவின் ஆற்றலில் ஏறக்குறைய கால் பங்கே வேலையாக மாறுகிறது. எனவே அந்த 40 நிமிட உழைப்புக்கு சுமார் 170 கிலோ கலோரி, அதாவது மூன்று நான்கு இட்லி, செலவாகிவிடும். உணவு குறைவாகக் கிடைக்கும் குழந்தைக்கு இது சிறிய செலவா?

இனிச் சூரியனிடம் செல்வோம். தெளிந்த நண்பகலில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறக்குறைய 1000 வாட் வெயில் விழுகிறது. 1954-இல் பெல் ஆய்வுக்கூடம் செய்து காட்டிய சிலிக்கன் சூரிய மின்கலம் அதில் நூற்றுக்கு 6 பங்கையே மின்சாரமாக்கியது. இன்றைய தகடுகள் ஏறக்குறைய 20 பங்கை ஆக்குகின்றன. எனவே கால் சதுர மீட்டர் தகடு 50 வாட் தரும். முழு வெயில் 5 மணி நேரம் கிடைத்தால் 250 வாட்-மணி. இழப்புப் போக 150 வாட்-மணி மிஞ்சும். நம் கணினி 5 மணி நேரம் ஓடும்; யாரும் வியர்வை சிந்த வேண்டியதில்லை! மழைநாளுக்கும் இரவுக்கும் பாட்டரி கைகொடுக்கும். ஆனால் தகட்டை நேரே கணினியில் இணைத்துவிடாதீர்கள். வெயிலுக்கேற்ப மின்னழுத்தம் ஏறி இறங்கும். இடையே கட்டுப்படுத்தும் கருவி அவசியம்.

அந்தப் பச்சைக் கணினியின் கதைக்கு வருவோம். சுற்றும் விசை பெட்டியை முறுக்கிப் பழுதாக்கும் என்பதால் கைப்பிடியை உடலிலிருந்து நீக்கினர். ஆனால் அதைவிடப் பெரிய வேலை ஒன்றைச் செய்தனர்: கணினியின் பசியையே குறைத்தனர்! வெயிலில் பின்விளக்கை அணைத்துவிட்டுப் படிக்கக்கூடிய திரையை மேரி லூ ஜெப்சன் என்ற பெண் விஞ்ஞானி உருவாக்கினார். கணினியின் தேவை ஏறக்குறைய 5 வாட்டாக இறங்கியது. மேலே சொன்ன அதே கை, ஒரு மணி நேரம் சுற்றினால் இந்தக் கணினி ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இயங்கும்; 30 வாட் கணினியோ 18 நிமிடத்தில் நின்றுவிடும்.

ஆற்றலைத் தேடுமுன் தேவையைக் குறை என்பதே இதிலிருந்து கிடைக்கும் பாடம். உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ உள்ள மடிக்கணினியின் மின்னேற்றியில் எழுதியிருக்கும் வெளியீட்டு வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கிப் பாருங்கள். அது தரக்கூடிய உச்சத் திறன் தெரியும். அத்தனையையும் உங்கள் கையாலேயே சுற்றித் தர வேண்டுமானால் எவ்வளவு நேரம் ஆகும்? கணக்கிட்டு நண்பர்களுடன் விவாதியுங்கள்.