எதிர்வீரசிங்கம் தாண்டிய உயரம்

உயரம் பாய்தல் என்னும் போட்டிக்கு ஒரு தனி இயல்பு உண்டு. அதில் முதலிடம் பெற்ற வீரனும் பெரும்பாலும் தன்னால் தாண்டவியலாத ஓர் உயரத்தின் முன்னே தோற்ற பின்னரே களத்தை விட்டு நீங்குகின்றான். அவன் நாட்டிய சாதனையையும் காலப்போக்கில் வேறொருவன் கடந்து விடுகின்றான். ஆகவே, அத்தகைய வீரனின் பெருமையை அளக்கப் புகுவோர் அவன் எட்டிய உயரத்தோடு, அவன் எந்நிலத்தில் காலூன்றி எழுந்தான் என்பதையும் நோக்குதல் வேண்டும். நாகலிங்கம் எதிர்வீரசிங்கத்தின் வாழ்வு இவ்வுண்மையை நன்கு விளக்குவதாகும்.

யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த பெரியவிளானிலே 1934ஆம் ஆண்டு பிறந்த இவர், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிலே கல்வி பயின்றார். 1952இல் ஹெல்சிங்கி நகரிலே ஒலிம்பிக் போட்டிகள் நடைபெற்றபோது, பதினேழு வயது இளைஞராக இலங்கையின் சார்பில் அங்கு பங்குபற்றினார். 1956இல் மெல்பேண் ஒலிம்பிக்கிலும் பங்கு கொண்டார். அவ்விரு களங்களிலும் பதக்கம் கிட்டவில்லை. ஆயினும் அங்கு பெற்ற அனுபவம் வீண்போகவில்லை. 1958இல் தோக்கியோவில் நிகழ்ந்த மூன்றாவது ஆசிய விளையாட்டுப் போட்டியிலே 2.03 மீற்றர், அதாவது 6 அடி 8 அங்குலம் பாய்ந்து முதலிடம் எய்தினார். ஆசிய விளையாட்டுப் போட்டிகளின் வரலாற்றிலே இலங்கைக்குக் கிடைத்த முதலாவது தங்கப் பதக்கம் அதுவேயாகும். 1962இல் ஜகார்த்தாவில் வெள்ளிப் பதக்கமும் அவருக்குக் கிட்டியது.

அத்தங்கம் கிடைத்த காலத்தை மறந்து அதன் பெறுமதியைக் கணிக்க முடியாது. தோக்கியோப் போட்டிகள் 1958 மே 24 முதல் ஜூன் 1 வரை நடைபெற்றன. அதே நாட்களிலே இலங்கையின் பல பாகங்களில் தமிழர்க்கெதிரான வன்செயல்கள் மூண்டெழுந்தன. மே 27இல் அவசரகால நிலை பிரகடனஞ் செய்யப்பட்டது. கொழும்பிலே வாழ்ந்த தமிழர் பலர் அகதி முகாம்களில் தஞ்சம் புகுந்து, பின்னர் கப்பல் மூலம் வடக்கே அனுப்பப்பட்டனர். நாட்டுக்கு முதலாவது ஆசியத் தங்கத்தை ஒரு தமிழர் ஈட்டிய அக்காலத்திலேயே, அந்நாட்டிலே அவருடைய இனத்தவர் வீடிழந்து நின்றனர். விளையாட்டுக் களத்திலே கோல் எவருக்கும் ஒரே உயரத்தில்தான் வைக்கப்படுகின்றது. களத்திற்கு வெளியே அந்நீதி எல்லார்க்கும் கிட்டவில்லை.

எதிர்வீரசிங்கம் விளையாட்டோடு நின்றுவிடவுமில்லை. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலே கல்வி கற்று, அதன் அணிக்காகவும் பாய்ந்தார். 1960இல் ரோம் ஒலிம்பிக்கிலே தசகளப் போட்டியில் வென்ற ரேஃபர் ஜோன்சனும் அப்பல்கலைக்கழகத்தின் மாணவரே. பின்னர் கோர்ணெல் பல்கலைக்கழகத்திலே கலாநிதிப் பட்டம் பெற்ற எதிர்வீரசிங்கம், சியரா லியோன், நைஜீரியா ஆகிய ஆபிரிக்க நாடுகளிலே கல்விப்பணி ஆற்றினார். 2002இல் போர்நிறுத்தம் ஏற்பட்டதன் பின்னர், வடக்குக் கிழக்கின் மீள்கட்டுமானம் பற்றிய முயற்சிகளிலும் பங்கு கொண்டார். தெற்கிலிருந்து ஏ-9 பாதை வழியே வன்னிக்கு வருவோர் ஓமந்தைச் சோதனைச் சாவடியைக் கடந்தே வரவேண்டியிருந்த காலம் அது. 2024இல் அவர் காலமானார்.

அவர் விட்டுச் சென்ற மரபு வன்னி மாணவரிடம் ஒரு வினாவை எழுப்புகின்றது. அக்காலத்து வீரர் பெரும்பாலோர் வயிறு கீழ்நோக்கியிருக்கக் கோலின்மேல் உருண்டு கடந்து, கையும் காலும் முதலிற் படும்படி விழுந்தனர். அதற்கு மணற்பள்ளம் ஒருவாறு போதுமானதாயிருந்தது. 1968இல் மெக்சிக்கோ ஒலிம்பிக்கிலே டிக் பொஸ்பரி என்னும் அமெரிக்கர் முதுகு கீழ்நோக்கியிருக்கப் பாய்ந்து 2.24 மீற்றர் உயரத்தைத் தாண்டி வென்றார். இன்று உலகெங்கும் அம்முறையே வழக்கிலுள்ளது. ஆனால் அம்முறையிலே பாய்பவர் தோளும் முதுகும் படவே விழுகின்றார். தடித்த மெத்தையின்றி அதனைப் பயில்வது கழுத்துக்கும் முதுகெலும்புக்கும் பேராபத்தாகும். மணற்பள்ளம் மாத்திரமே உடைய கிராமப் பாடசாலையின் மாணவன் எத்துணை ஆற்றலுடையவனாயினும், பழைய முறையோடே நின்றுவிட நேர்கின்றது. அவனைத் தடுப்பது கோலின் உயரமன்று, விழுமிடத்தின் வன்மையே.

வசதியும் பயிற்சியும் சேருமிடத்துப் பயன் விளைதலை அண்மைக்கால நிகழ்ச்சிகள் காட்டுகின்றன. கோலூன்றிப் பாய்தலிலே தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியின் அனித்தா ஜெகதீஸ்வரனும், சாவகச்சேரி இந்துக் கல்லூரியின் அருந்தவராசா புவிதரனும் தேசிய மட்டத்திலே சாதனைகள் நாட்டினர். அவர்களும் ஊர்ப் பாடசாலைகளின் மைதானங்களிலிருந்து எழுந்தவர்களேயாவர்.

எதிர்வீரசிங்கம் தாண்டிய 2.03 மீற்றரை உலக வீரர் பலர் கடந்துவிட்டனர். எனினும், ஒரு கிராமத்துச் சிறுவன் கல்வியையும் விளையாட்டையும் ஒருங்கே பற்றி நின்று உலக அரங்கை அடையலாம் என்பதற்கு அவர் வாழ்வு சான்றாகும். அச்சான்றைப் போற்றுவோர் அவர் பெயரை மேடைகளிலே சொல்வதோடு அமையாது, பாடசாலை மைதானத்திலே மணலுக்குப் பதிலாக ஒரு மெத்தையை இடுவாராயின், அதுவே அவருக்குச் செய்யும் தக்க நன்றியாகும்.