மம்முட்டி இருந்தும் 'சிபிஐ 5' ஏன் ஏமாற்றியது?

நீங்கள் மீனாட்சிபுரம் பக்கம் வளர்ந்தவரா? பொள்ளாச்சியில் இருந்து பாலக்காடு போகும் வழியில் உள்ள அந்த எல்லை ஊரில் தமிழும் மலையாளமும் கலந்தே புழங்கும். அங்கே சேதுராம ஐயரை யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நெற்றியில் குங்குமம், பின்னால் கட்டிய கைகள், அலட்டாத பேச்சு. பக்கத்து அக்ரஹாரத்து மாமா மாதிரியே இருப்பார்.

1988-ல் வந்த 'ஒரு சிபிஐ டைரிக்குறிப்பு' சென்னையிலும் மாதக்கணக்கில் ஓடியது. அடுத்த பாகங்கள் 1989, 2004, 2005-ல் வந்தன. 17 ஆண்டுகள் கழித்து, 2022 மே 1-ல் 'சிபிஐ 5: தி பிரெயின்'. அதே மம்முட்டி, அதே இயக்குநர் கே.மது, அதே எழுத்தாளர் எஸ்.என்.சுவாமி. அப்புறம் என்னதான் குறை?

முதல் படம் ஏன் பிடித்தது?

மாடியிலிருந்து விழுந்து ஒரு பெண் இறக்கிறாள். தற்கொலையா, கொலையா? ஐயர் பொம்மைகளைக் கீழே போட்டுப் பார்க்கிறார். தானாகக் குதித்தால் எங்கே விழும், தூக்கிப் போட்டால் எங்கே விழும்? அவர் பார்ப்பதை நீங்களும் பார்க்கிறீர்கள். அவரோடு சேர்ந்து நீங்களும் துப்பறியலாம்.

ஐந்தாவதில் என்ன ஆச்சு?

படம் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். இதில் ஒரு மரணத்துக்குக் காரணம், ஹேக் செய்யப்பட்ட பேஸ்மேக்கர். யோசனை புதுசுதான். ஆனால் அதை நாமே ஊகிக்க வழியில்லை. ஐயர் விளக்கினால்தான் புரியும். நிறையப் பாத்திரங்கள், நீளமான வசனங்கள். பொம்மை விழுந்ததைக் கண்ணால் பார்த்தோம். இங்கே பாடம் கேட்கிறோம்.

இதற்கு விதி இருக்கிறதா?

இருக்கிறது. 1929-ல் ஆங்கில எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் துப்பறியும் கதைகளுக்கு 10 விதிகள் எழுதினார். துப்பறிபவருக்குக் கிடைக்கும் தடயம் வாசகருக்கும் உடனே கிடைக்க வேண்டும் என்பது ஒன்று. கடைசியில் நீண்ட அறிவியல் விளக்கம் தேவைப்படும் கருவி கூடாது என்பது இன்னொன்று. 'சிபிஐ 5' சறுக்கியது சரியாக இந்த இடத்தில்தான்.

அப்போ பார்க்கவே வேண்டாமா?

2012 விபத்துக்குப் பிறகு நடிப்பிலிருந்து விலகியிருந்த ஜெகதி ஸ்ரீகுமார், விக்ரமாகத் திரும்பும் அந்தச் சின்னக் காட்சிக்காகப் பார்க்கலாம். பழைய ரசிகர்களுக்குத் தொண்டை அடைக்கும். ஆனால் ஐயரை முதல்முறை சந்திக்கப் போகிறீர்கள் என்றால், 1988-லிருந்தே தொடங்குங்கள்.